30-க்கு 19: அம்மாவின் மறதி பற்றிக் கேட்டவருக்கு

பர்மாவின் பகோ நகரிலிருந்து தமிழ்க் குடும்பத்து மகள் ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 72 வயது. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி, மறதியைச் சோதிக்கும் 30 மதிப்பெண் தாள் ஒன்றை போனில் அனுப்பியிருக்கிறார். மகள் அதை வீட்டில் பர்மிய மொழியில் கேட்டுப் பார்த்ததில் அம்மா 19 வாங்கியிருக்கிறார். பக்கத்து கிளினிக் டாக்டர் "வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். தம்பியோ, 65 தாண்டிய எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை செய்யவேண்டும், இங்கே யாரும் செய்வதில்லை என்று கோபப்படுகிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் அந்த மகள் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: "அம்மா போன மாதம் மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து திரும்பவும் போய் வெங்காயம் வாங்கி வந்தார். இனி தனியாக அனுப்பலாமா?" உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு வந்து சேர, முதலில் மற்ற இரண்டையும் பேசிவிட வேண்டும்.

நான் யாங்கூனில் 31 வருஷமாகப் பொது மருத்துவராகக் கிளினிக் நடத்துகிறேன். நரம்பியல் நிபுணர் இல்லை. என்னிடம் வரும் முதியவர்களில் பலர் தமிழர்கள். மறதி சம்பந்தமாக நான் பார்த்தவர்களில் பெரும்பாலோரை மூக்கடைப்புக்கோ முழங்கால் வலிக்கோ அழைத்து வந்தார்கள். மறதியைப் பற்றிய பேச்சு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, கதவுப் பக்கம் நின்றுகொண்டு மெதுவாக வரும். ஆகவே எந்தக் குறையும் சொல்லாத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோதிப்பது வேறு, வீட்டில் இருப்பவர் ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்லும் ஒருவரைப் பார்ப்பது வேறு. தம்பி முதலாவதைப் பேசுகிறார். உங்கள் அம்மா இரண்டாவது வகை.

முதலாவதைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது இது. எந்தச் சோதனையை யாருக்குச் செய்யலாம் என்று ஆதாரங்களை எடைபோட்டுச் சொல்லும் தடுப்புச் சேவைகள் பணிக்குழு ஒன்று அமெரிக்காவில் உண்டு. மறதி அறிகுறி எதுவும் தெரியாத 65 வயதுக்காரர்களை எல்லாம் சோதிப்பதால் நன்மை கூடுதலா தீமை கூடுதலா என்று தீர்ப்புச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்று அது 2014-இல் சொன்னது, 2020-இலும் அதையே சொன்னது. பிரிட்டனிலும் எல்லோருக்குமான சோதனையைப் பரிந்துரைக்கவில்லை. தம்பி சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது: அமெரிக்காவில் முதியவர்களுக்கான மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் 2011 முதல் வருஷாந்திர உடல்நலச் சந்திப்பு ஒன்று உண்டு, அதில் நினைவுத் தடுமாற்றம் இருக்கிறதா என்று டாக்டர் கவனிக்கவேண்டும். ஆனால் இந்தத் தாளை வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. நேரில் பார்ப்பதையும் குடும்பத்தார் சொல்வதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இந்தியானா மாநிலத்தில் 65 தாண்டிய 4005 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சோதித்தும் மறு பகுதியினரைச் சோதிக்காமலும் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2020-இல் வந்தது. ஒரு வருஷம் கழித்து வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பயந்ததுபோல் மனச்சோர்வோ பதற்றமோ கூடவும் இல்லை. என் மனதில் தங்கியது வேறு விஷயம். சோதனையில் சந்தேகம் என்று வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், அடுத்த கட்டப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்.

இதன் கணக்கை ஒரு உதாரணத்தோடு பாருங்கள். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. 100 முதியவர்களில் 8 பேருக்கு டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையையே குலைக்கும் மறதி நோய், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை அந்த 8 பேரில் 7 பேரைப் பிடித்துவிடுகிறது, நல்ல சோதனைதான். நோய் இல்லாத 92 பேரில் 100-க்கு 15 பேர் கணக்கில் தவறாகக் காட்டுகிறது, அதாவது 14 பேர். மொத்தம் 21 பேரிடம் "சந்தேகம்" என்று சொல்கிறோம். அதில் உண்மையானவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மீதி 14 பேரும் அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போகிறார்கள். நம் சமூகத்தில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் எடையை நான் அறிவேன். 15 வருஷத்துக்கு முன் ஒரு பெரியவருக்கு 30-க்கு 18 என்று எழுதி, மகனிடம் "டிமென்ஷியாவாக இருக்கலாம்" என்று சொன்னேன். "இருக்கலாம்" என்ற பாதியை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஒரு வாரத்தில் கடைச் சாவி கைமாறியது. இரண்டு மாதம் கழித்துக் காது மருத்துவர் இரண்டு காதிலும் அடைத்திருந்த அழுக்கை எடுத்து, ஒரு கருவியும் மாட்டிவிட்டார். அதன்பின் அவர் 26 வாங்கினார். சாவி திரும்பி வரவில்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து காதைப் பார்க்காமல் யாருக்கும் கேள்வித்தாளை எடுப்பதில்லை.

இப்போது அந்த 19. நீங்கள் வர்ணித்ததை வைத்துப் பார்த்தால் அது 1975-இல் அமெரிக்காவில் வெளியான எம்எம்எஸ்இ தாள். உலகம் முழுக்கப் பயன்பட்டது. பள்ளிப் படிப்பு குறைந்தவர்கள் நோய் இல்லாமலே அதில் மதிப்பெண் இழப்பார்கள் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த விஷயம். அம்மா ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தார், பிறகு பள்ளியே இல்லாமல் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுப் பர்மாத் தமிழர்களில் அநேகம் பேரின் கதை அதுதான். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகள் மூடின, கடைகள் போயின, லட்சக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். தங்கிவிட்ட பிள்ளைகளில் சிலர் பர்மியப் பள்ளிக்குப் போனார்கள், சிலர் வேலைக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் இருந்தார்கள். அப்படி வளர்ந்த ஒருவரைப் பர்மிய மொழியில் வாக்கியம் எழுதச் சொல்லி, எழுத முடியாததற்கு ஒரு மதிப்பெண் குறைப்பது மூளையைச் சோதிப்பது ஆகாது. 1965-இல் என்ன நடந்தது என்பதைத்தான் அது சோதிக்கிறது.

ஒவ்வொரு கேள்வியாக எடுத்தாலும் இப்படித்தான். எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று கேட்கிறது. உங்கள் வீட்டுக்கு மாடி இல்லை. என்ன வருஷம் என்று கேட்டால், பர்மிய ஆண்டைச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள், அது தவறில்லை. மாதம் கேட்டால் "ஆடி" என்பார்கள், அதுவும் தவறில்லை. எந்த ஊர் என்றால் பகோவைப் பழைய பெயரில் "பெகு" என்பார்கள். 1989-இல் பெயர் மாறியது அரசுப் பலகையில்தான், அவர்கள் நாக்கில் இல்லை. யாங்கூனில் ஷ்வே போன் தா தெருவை "மொகல் தெரு" என்று சொல்பவருக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். ஆங்கிலத் தாளில் 'வேர்ல்ட்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லி, எழுத்துக்கு ஒன்றாக 5 மதிப்பெண் தருவார்கள். "உலகம்" என்று மொழிபெயர்த்தால் நான்கெழுத்து, எழுத்தும் அசையும் கலந்து கிடக்கும் நம் மொழியில் அந்தப் பயிற்சியே வேறு. 2005-இல் வந்த மோகா என்னும் தாள் 12 வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. ஐந்தாவதோடு நின்றவருக்கும் அதே ஒரு மதிப்பெண்தான்.

நான் தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். அனோரதா வீதிக் காளியம்மன் கோயில் பக்கம் நாற்பது வருஷம் இட்லி விற்ற ஒரு பாட்டியம்மாவை மருமகள் அழைத்து வந்தார். கடிகாரம் வரையச் சொல்லிப் பென்சிலைக் கொடுத்தேன். கரண்டியைப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து, என்னைப் பார்த்தார். காகிதத்தில் முட்டைபோல ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். 100-இலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னேன். 93 என்று சொல்லிவிட்டு, "எதுக்குத் தம்பி ஏழு ஏழா குறைக்கணும்?" என்று கேட்டார். தாளை மூடிவிட்டு, இட்லி ஒன்று 300 கியாட், ஒருத்தர் ஏழு வாங்கிவிட்டு 5000 நோட்டு நீட்டினால், என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முடியவில்லை, "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்" என்றார். அவருடைய மறதிக்குக் காரணம், தூக்கம் வரவில்லை என்று யாரோ கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரை. அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினோம், தெளிந்துவிட்டார்.

நேர் எதிரான மனிதர் ஒருவரும் இருந்தார். அரிசி ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், நன்றாகப் படித்தவர். 30-க்கு 28. மனைவி மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பால்காரனுக்கு ரெண்டு தடவை பணம் குடுக்குறார். கேட்டா நான்தான் பொய் சொல்றேன்னு சண்டைக்கு வர்றார். அவர் இப்படி இல்லை டாக்டர்." நான் 28-ஐ நம்பினேன். ஒன்றரை வருஷத்தில் அவர் தன் தெருவிலேயே வீடு தெரியாமல் நின்றார். மனைவி முதல் நாளே சரியாகச் சொல்லியிருந்தார்.

படித்தவருக்கு 28 பொய்யான ஆறுதலாகலாம், படிக்காதவருக்கு 19 பொய்யான பயமாகலாம். ஆகவே இந்த விஷயத்தில் உங்களைவிட நல்ல கருவி எந்தத் தாளிலும் இல்லை என்று சொல்வேன். இது என் அனுபவம் மட்டும் இல்லை. 1998-இல் கொச்சியில் கூடிய ஆராய்ச்சியாளர்கள் 10/66 என்ற குழுவைத் தொடங்கினார்கள். டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதுதான் அந்தப் பெயர். சென்னையிலும் வேலூர்ப் பக்கக் கிராமங்களிலும் அவர்கள் வேலை செய்தார்கள். முதியவரிடம் கேட்கும் கேள்விகளோடு வீட்டாரிடம் கேட்பதையும் சேர்த்தால், படிக்காதவர்களைத் தவறாக நோயாளி ஆக்குவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். வீட்டாரிடம் மட்டும் கேட்கும் எட்டுக் கேள்விச் சோதனை ஒன்றும் இருக்கிறது, ஏடி8 என்று பெயர். முன்பு இருந்ததைவிட மாறியிருக்கிறதா என்பதுதான் அதன் உயிர். எட்டில் இரண்டுக்கு "ஆம், மாறியிருக்கிறது" என்று வந்தால் டாக்டர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். உங்கள் வீட்டு மொழியில் கேட்டுப் பாருங்கள். சொன்ன கதையையே அதே மணி நேரத்தில் திரும்பச் சொல்கிறாரா? வாடகை, வட்டி, சீட்டுப் பணம் முன்பு விரல் நுனியில் இருந்தது, இப்போது குழம்புகிறதா? கோயில் விசேஷ நாள், கல்யாண வீட்டு நாள் மறக்கிறதா? சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா? ஆசையாகச் செய்துவந்ததை, பூக் கட்டுவதையோ பஜனைக்குப் போவதையோ விட்டுவிட்டாரா? போனில் பணம் அனுப்பத் தெரியவில்லை என்பதை இதில் சேர்க்காதீர்கள். அது முன்பும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. "அம்மாவுக்கு மறதியா? 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டு ஒரே நாளில் செல்லாமல் போனதையும், அப்புறம் 45, 90 என்று நோட்டு வந்ததையும் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறாரே" என்று உறவினர்கள் சமாதானம் சொல்வார்கள். டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமர் நோயில் பழைய நினைவு நெடுநாள் நிற்கும், முதலில் கரைவது இன்று காலை நடந்தது. ஆகவே பழையதை நன்றாகச் சொல்வது எதையும் நிரூபிக்காது.

உங்கள் பக்கத்து டாக்டர் சொன்ன "வயசு" என்ற பதிலை நான் ஏற்கவில்லை, காரணம் இதுதான். வயதானால் பெயர் உடனே நாக்கில் வராது, சாவி வைத்த இடம் மறக்கும், யோசித்தால் வந்துவிடும். வாங்கிய வெங்காயத்தையே மறந்து திரும்பவும் போவது, அதுவும் இதற்கு முன் இல்லாத வழக்கம் என்றால், ஒரு காரணம் தேடவேண்டிய மாற்றம். தேடவேண்டியவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. முதலில் மருந்துகள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், கடையில் சும்மா வாங்கிய சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். சளிக்குத் தரும் குளோர்ஃபெனிரமைன், மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், பதற்றத்துக்குத் தரும் டயசபாம் போன்றவை முதியவர்களின் நினைவைக் குழப்பும். சுகருக்கு கிளிபென்கிளமைடு சாப்பிட்டால் சர்க்கரை இறங்கித் தடுமாறலாம், மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். தைராய்டு, பி12, சோடியம், ஹீமோகுளோபின், சர்க்கரை இவ்வளவையும் இரத்தத்தில் பார்க்கலாம். அண்மையில் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் சொல்லுங்கள், மண்டைக்குள் இரத்தம் மெதுவாகத் தேங்கிக் குழப்பத்தைக் கொடுக்கும். காது, கண் இரண்டையும் பார்க்கவேண்டும். அப்பா இறந்து எட்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். துக்கமும் மனச்சோர்வும் மறதியின் வேஷத்தில் வரும். அவர்கள் எதைக் கேட்டாலும் முயலாமலே "தெரியலை, விடு" என்பார்கள். டிமென்ஷியா இருப்பவர் பெரும்பாலும் முயன்று, தவறாகச் சொல்லி, மழுப்புவார். இந்த வித்தியாசம் உதவும், ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

இவற்றைத் தாண்டி எல்லாம் உறுதியற்ற இடம். லேசான நினைவுக் குறைவு என்று ஒரு நிலை உண்டு. அதில் சிலர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள், சிலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் திரும்ப நன்றாகிறார்கள். உங்கள் அம்மா எந்த வழியில் போவார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. டொனெபெசில் போன்ற மாத்திரை அல்சைமரில் சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் உதவுகிறது, நோயை நிறுத்துவதில்லை. மேலே சொன்ன லேசான நினைவுக் குறைவு நிலையில் கொடுப்பதால் பயன் இருப்பதாக நிரூபணமில்லை, ஆகவே "முன்கூட்டியே ஆரம்பிப்போம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். பிரஷர், சுகர், கேட்கும் திறன், நடை, நாலு பேரோடு பழக்கம் இவற்றைக் கவனிப்பதில் நஷ்டமே இல்லை. 2024-இல் லான்செட் ஆணையம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்துக்கு அவற்றோடு தொடர்பு இருக்கிறது என்றது. இது மக்கள் தொகைக் கணக்கு. ஒரு அம்மாவுக்கு இத்தனை சதவீதம் காப்பு என்று இதை மாற்றிச் சொல்லக்கூடாது.

திரும்பச் சோதிப்பதாக இருந்தால், அம்மா கனவு காணும் மொழியில், தமிழில், கேட்கத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். நீங்கள் கேட்காதீர்கள். மகள் முன்னால் தோற்பது எந்தத் தாய்க்கும் சங்கடம், அதிலேயே இரண்டு மதிப்பெண் போகும். 2004-இல் சிட்னியில், பல மொழி பேசும் முதியவர்களுக்காக உருவாக்கிய ரூடாஸ் என்ற சோதனை எனக்குப் பிடிக்கும். தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று கடைக்குப் போய் வாங்கவேண்டிய நான்கு சாமான்களை நினைவில் வைக்கச் சொல்கிறது. சிக்னல் இல்லாத, வண்டிகள் ஓடும் சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்கிறது. அதிலும் ஒரு படம் வரையவேண்டும், அது குறைதான். ஆறு மாதம் கழித்து அதே ஆள், அதே மொழியில், அதே சோதனையைத் திரும்பச் செய்து, எண் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, இன்றைய 19-ஐ உற்றுப் பார்ப்பதைவிட அதிகம் சொல்லும்.

மார்க்கெட்டுக்கு வருகிறேன். அனுப்புங்கள். வெங்காயம் இரண்டு தடவை வந்தால் வெங்காயம் மிஞ்சும், அவ்வளவுதான். பொருளை மறப்பது வேறு, வழியை மறப்பது வேறு. வழி தவறியதாகவோ, சாலை கடக்கும்போது தடுமாறியதாகவோ, அடுப்பை எரியவிட்டுப் போனதாகவோ நீங்கள் எழுதவில்லை. அப்படி ஒருமுறை நடந்தால் அன்றிலிருந்து துணை வேண்டும். அதுவரை வாங்கவேண்டியதை நீங்களும் அம்மாவும் சேர்ந்து சொல்லிப் பார்த்து, ஒரு சீட்டில் தமிழில் எழுதி, பணத்தை அளவாகக் கொடுத்து அனுப்புங்கள். அவருக்குத் தெரிந்த காய்கறிக்காரரிடம் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து வையுங்கள். முதல் சில நாள் கொஞ்சம் தள்ளி, அவருக்குத் தெரியாமல் பின்னால் போய், எந்தத் திருப்பத்தில் தயங்குகிறார் என்று பாருங்கள். டாக்டரிடம் போகும்போது அதைச் சொல்லுங்கள், 19-ஐவிட அது அவருக்கு உதவும். ஒன்று மட்டும் காத்திருக்கக்கூடாதது: குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்தால், பகலில் தூங்கி இரவில் பிதற்றினால், காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ கூட இருந்தால், அது மறதி நோய் இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.